சிறந்த கச்சேரியா, சிறந்த நாடாவா? கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களின் தீராத வழக்கு

கிரேட்ஃபுல் டெட் ரசிகர் ஒருவரிடம் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டுப் பாருங்கள். பாட்டின் பெயரையோ ஆல்பத்தின் பெயரையோ சொல்ல மாட்டார். ஒரு தேதியைச் சொல்வார். அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் அடுத்து, ஆண்டு கடைசியில்: 5/8/77, 8/27/72, 2/13/70. பக்கத்தில் இன்னொரு ரசிகர் இருந்துவிட்டால் போதும், பேச்சு சூடேறிவிடும். 5/8/77க்கு அடுத்த நாள் பஃபலோவில் எப்படி ஆரம்பித்தார்கள் தெரியுமா, முந்தின நாள் பாஸ்டனில் வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்களா என்று விடிய விடிய ஓடும். குழுவின் கடைசிக் கச்சேரி 1995 ஜூலை 9 அன்று சிகாகோவில் நடந்து முடிந்தது. வழக்கு மட்டும் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ வட்டாரத்தில் உருவான குழு இது. முதன்மை கிதாரும் குரலும் ஜெர்ரி கார்சியா. தாள கிதார் பாப் வேயர். பேஸ் கிதார் ஃபில் லெஷ். டிரம்ஸ் பில் க்ரொய்ட்ஸ்மன். ஆர்கனும் ப்ளூஸ் பாட்டும் 'பிக்பென்' என்ற ரான் மக்கெர்னன். 1967இல் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்மராக வந்து சேர்ந்தார். கார்சியா மெட்டமைத்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், மேடையேறாத ராபர்ட் ஹன்டர். 1995 ஆகஸ்டில் கார்சியா இறக்கும்வரை 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள். ஸ்டுடியோ ஆல்பங்கள் 13 மட்டுமே. நேற்று வாசித்த பட்டியல் இன்று வராது. அதே பாட்டு வந்தாலும் அதே நீளத்தில், அதே வழியில் வராது. ஆகவே மற்ற ராக் குழுக்களின் ரசிகர்கள் ஐந்தாறு ஆல்பங்களை வைத்துக்கொண்டு செய்யும் விவாதத்தை, இவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் இரவுகளை வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

இந்த விவாதத்தில் ஒரு கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. சிறந்த கச்சேரி எது என்று தீர்ப்புச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் இருந்தார்கள்? ஓர் அரங்கில் சில ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். மற்ற எல்லோரும் கேட்டது ஒலிநாடாவை. யார் பதிந்தார், எங்கிருந்து பதிந்தார், அந்த நாடா யார் கைக்குப் போனது, எந்த ஆண்டில் வெளியே வந்தது என்பவைதான் தரவரிசையைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன என்பது என் வாதம்.

முதலில் ஆல்பங்கள். அவற்றை மட்டம் தட்டுவது 'டெட்ஹெட்' எனப்படும் இந்த ரசிகர்களிடையே பழைய பழக்கம். அதற்கு முகாந்திரம் உண்டு. 'டார்க் ஸ்டார்' 1968இல் சிங்கிள் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட ஓடவில்லை, விற்கவும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டுக்கு 23 நிமிடம். ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை மட்டும் ஒப்பித்துவிட்டு எழுந்து போவதற்கும், நிதானமாக உட்கார்ந்து ஆலாபனை செய்வதற்கும் உள்ள தூரம் அது. இடையில் குழு ஸ்டுடியோவில் பட்ட பாடு சொல்லி மாளாது. 'ஆந்தம் ஆஃப் த சன்' (1968) ஆல்பத்துக்குப் பல கச்சேரிப் பதிவுகளையும் ஸ்டுடியோப் பதிவையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கர் பொறுமையிழந்து பாதியில் போய்விட்டார். 'ஆக்ஸொமொக்ஸோவா' (1969) தயாரிப்பில் இருக்கும்போது 16 தட ஒலிப்பதிவுக் கருவி கைக்கு வந்தது. அதுவரை எடுத்ததை ஓரங்கட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து பதிந்தார்கள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் கடன் ஏறியதுதான் மிச்சம்.

அந்தக் கடன் நல்லதும் செய்தது. 1970இல் செலவைச் சுருக்கி, மளமளவென்று இரண்டு ஆல்பங்களை முடித்தார்கள்: 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் ப்யூட்டி'. நீண்ட வாசிப்பு கிடையாது. மரக் கிதார்கள், சேர்ந்து பாடும் மூன்று குரல்கள், ஹன்டரின் சுரங்கத் தொழிலாளிகளும் சூதாடிகளும் ரயில்காரர்களும். 'ரிப்பிள்' பாட்டில் டேவிட் கிரிஸ்மனின் மாண்டலின் வந்து போகும் விதத்தை எந்த மேடையிலும் அவர்களால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பாட்டை மேடையில் அதிகம் பாடவும் இல்லை. 'பாக்ஸ் ஆஃப் ரெயின்' மெட்டை, சாகக் கிடந்த தன் தந்தைக்காக லெஷ் அமைத்தார். அதன் முழு வடிவமும் ஸ்டுடியோவில்தான் இருக்கிறது. 'ஆல்பமெல்லாம் வீண்' என்பவர்கள் 'ஷேக்டவுன் ஸ்ட்ரீட்' (1978), 'கோ டு ஹெவன்' (1980) இரண்டையும் காட்டிப் பேசினால் நானும் தலையாட்டுவேன். 'அமெரிக்கன் ப்யூட்டி'யையும் சேர்த்து அந்தக் கூடையில் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆண்டில் எழுதப்பட்ட பாட்டுகள் இல்லையென்றால் அடுத்த 25 ஆண்டுக் கச்சேரிகளுக்கு வாசிக்க என்ன இருந்திருக்கும்?

மேலும், ஸ்டுடியோ, மேடை என்று கோடு கிழிப்பதே இந்தக் குழுவிடம் செல்லுபடியாகாது. 'யூரோப் 72' மூன்று தட்டுகள் கொண்ட மேடைக் கச்சேரி ஆல்பம் என்று பெயர். ஊர் திரும்பிய பிறகு ஸ்டுடியோவில் குரல்களைத் திரும்பப் பாடித்தான் அதை வெளியிட்டார்கள். 1987இல் வந்த 'இன் த டார்க்' ஸ்டுடியோ ஆல்பம் என்று பெயர். அதன் அடிப்படைப் பதிவுகளை மரின் மாவட்டத்தில் ஒரு காலி அரங்கின் மேடையில், பார்வையாளர் இல்லாமல், கச்சேரி செய்வதுபோல் சேர்ந்து வாசித்துப் பதிந்தார்கள். மேடைப் பதிவே அசல் என்று மார்தட்டும் ரசிகர் இவ்விரண்டையும் எந்த வரிசையில் வைப்பார்?

இனி நாடாக்கள். கச்சேரிகளைப் பதியும் வழக்கம் குழுவுக்குள்ளிருந்தே வந்தது. தொடக்க கால ஒலிப்பொறியாளர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி, 'பேர்' (கரடி) என்று அழைக்கப்பட்டவர். எல்.எஸ்.டி. தயாரித்ததற்காகச் சிறை சென்றவர் என்றுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும். அவர் இரவுதோறும் நாடாவை ஓடவிட்டது ஆல்பம் போடுவதற்காக இல்லை. தன் ஒலியமைப்பு சரியாக இருந்ததா என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்வதற்காக. பிற்காலத்தில் உலகமெங்கும் பங்கிடப்பட்ட ஒரு பெரும் பொக்கிஷம், ஒரு பொறியாளரின் வேலைக் குறிப்பாகத் தொடங்கியது.

மறுபக்கம் ரசிகர்கள். 1970களின் தொடக்கத்தில் மைக்கைச் சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் மறைத்துக்கொண்டு அரங்குக்குள் போனார்கள். 1971இல் வந்த கச்சேரி ஆல்பத்தின் உள்ளட்டையில் ரசிகர்கள் முகவரி எழுதி அனுப்பும்படி குழு கேட்டிருந்தது; வந்து குவிந்த கடிதங்களிலிருந்து ஓர் அஞ்சல் பட்டியல் உருவானது. 1974இல் நாடாப் பரிமாற்றக்காரர்களுக்கென்றே நியூயார்க்கிலிருந்து 'டெட் ரெலிக்ஸ்' என்ற சிற்றேடு கிளம்பியது. அவர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் இருந்தது: காசு வாங்கக் கூடாது. வெற்று கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பினால் நகலெடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். நகலுக்கு நகல், அதற்கு ஒரு நகல் என்று போகப் போக இரைச்சல் கூடும். ஆகவே உங்கள் கேசட் எத்தனையாவது தலைமுறை என்பது குலம் கோத்திரம் விசாரிப்பதுபோல் விசாரிக்கப்பட்டது. குழுவின் ஊழியர்கள் சில காலம் மைக் கம்பிகளை அறுத்துப் பார்த்தார்கள். கார்சியாவுக்கு அதில் விருப்பமில்லை. வாசித்து முடித்த இசை கேட்டவர்களுக்குச் சொந்தம் என்பது அவர் எண்ணம். 1984 அக்டோபரில், பெர்க்லி கச்சேரிகளில் தொடங்கி, ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் தனி இடமே ஒதுக்கித் தந்தார்கள். இசை நிறுவனங்கள் வீட்டு கேசட்டைத் திருட்டு என்று கூச்சலிட்ட காலம் அது.

5/8/77க்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரம், கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். மாணவப் படையினர் அணிவகுப்புப் பயிற்சி செய்யும் கல் கட்டடம்; இசைக்குப் பேர்போன இடம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கர்களின் அன்னையர் தினம். கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்கள் மே மாதத்தில் பனி பெய்வதைக் கண்டார்கள்.

இரண்டாம் பாதியைக் கேளுங்கள். கூட்டம் மேடையை நெருக்குகிறது. ஒரு அடி பின்வாங்குங்கள் என்று வேயர் விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி நகர்த்துகிறார். பிறகு 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்'. பாட்டு முடிந்ததும் நிற்காமல் 'ஃபயர் ஆன் த மவுண்டன்' பக்கம் திரும்ப வேண்டும். இந்த இரண்டையும் முதன்முதலில் இணைத்து வாசித்து அப்போது ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. லெஷின் பேஸ் முதலில் இடம் மாறுகிறது. டிரம்ஸ் இரண்டும் அதைக் கவனித்து எடை குறைகின்றன. கார்சியா இன்னும் பழைய பாட்டிலேயே உலாவிக்கொண்டிருக்கிறார். பிறகு இரண்டே இரண்டு சுரக்கூட்டுகள் மாறி மாறி வர, ஆறேழு பேரும் அதில் வந்து இறங்குகிறார்கள். மொத்தம் சுமார் 25 நிமிடம், அவசரம் என்பதே இல்லாமல். கடைசியில் 'மார்னிங் ட்யூ'. அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகைப் பற்றி பானி டாப்சன் எழுதிய பாட்டு. இறுதித் தனி வாசிப்பில் கார்சியா ஒற்றைச் சுரங்களை விட்டுவிட்டு, தந்திகளை மொத்தமாக, மேலும் கீழும் வேகவேகமாக மீட்டி ஏறிக்கொண்டே போகிறார்.

இடையில் வரும் 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' ஏழு எண்ணிக்கைத் தாளம். மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு அதில் சிரமம் இராது. இந்தக் குழுவின் தாளக் கணக்குகளில் இந்திய வாடை தற்செயலாக வந்ததில்லை. ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் 1960களிலேயே பாடம் கேட்டவர். 11 எண்ணிக்கையில் அமைந்த ஒரு பாட்டுக்கு 'த இலெவன்' என்றே பெயர் வைத்தார்கள். பின்னாளில் ஹார்ட் தயாரித்த 'பிளானெட் டிரம்' (1991) ஆல்பத்தில் ஜாகிர் உசேனுடன் நம் கடம் வித்வான் டி.எச். விக்கு விநாயக்ராமும் வாசித்தார். உலக இசைக்கென ஏற்படுத்தப்பட்ட கிராமி விருது முதல் முறையாக அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. ஹார்ட் விலகியிருந்த 1971–74 காலத்தில் ஒற்றை டிரம்மரோடு வாசித்த குழு எடை குறைந்து, சட்டென்று திசை மாறும் ஜாஸ் குழு போலிருந்தது என்று ஒரு கட்சி சொல்லும். இரண்டு டிரம்மர் இல்லாமல் அது டெட்டே இல்லை என்று இன்னொரு கட்சி சொல்லும். நான் முதல் கட்சி.

கார்னெல் கச்சேரி நன்றாக இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது மட்டும் ஏன்? அந்த வசந்த காலம் முழுக்கவே குழு கச்சிதமாக வாசித்தது. அதற்குக் காரணம், ரசிகர்கள் முகம் சுளிக்கும் ஒரு ஆல்பம் என்பது வேடிக்கை. 'டெராபின் ஸ்டேஷன்' ஆல்பத்துக்காக 1977 தொடக்கத்தில் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் இவர்களைப் பிடித்து உட்கார வைத்து, குறிப்பாக டிரம்மர்கள் இருவரையும், திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வைத்தார். ஆல்பம் வெளிவந்தபோது, பக்கவாத்தியப் படையைப் பின்னால் சேர்த்துப் பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று ஏச்சு வாங்கினார். அவர் கொடுத்த கட்டுப்பாடோ மே மாத மேடைகளில் வேலை செய்தது. மே 5 நியூ ஹேவன், மே 7 பாஸ்டன், மே 9 பஃபலோ எல்லாமே அதே தரம். பஃபலோவின் தொடக்கத்தில் 'ஹெல்ப் ஆன் த வே'யிலிருந்து 'ஃப்ராங்க்ளின்ஸ் டவர்' வரை போகும் பயணம் கார்னெலில் வாசித்த எதற்கும் குறைந்ததில்லை என்று சாதிப்பவர்கள் ஏராளம்.

கார்னெலைத் தூக்கி நிறுத்தியதில் பெட்டி கேன்டர்-ஜாக்ஸனுக்கு முக்கியப் பங்கு உண்டு. ராக் உலகில் ஒலிப்பொறியாளராகப் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் அந்த வேலையைச் செய்தவர். அரங்க ஒலிபெருக்கிக்குப் போகும் கலவையை அப்படியே நாடாவில் பிடித்தால் நன்றாக இருக்காது. மேடையில் கிதாரும் டிரம்ஸும் தாங்களே உரக்க ஒலிப்பதால் ஒலிபெருக்கியில் குரலைத்தான் தூக்கிவைப்பார்கள். பதிவில் குரல் முகத்தில் அறையும், கிதார் எங்கோ கேட்கும். பெட்டி நாடாவுக்கென்றே தனிக் கலவை செய்தார். அதனால் அவருடைய நாடாக்களில் ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பின்னர் குழுவை விட்டுப் பிரிந்து, பணமுடையில் சேமிப்புக் கிடங்குக்கு வாடகை கட்ட முடியாமல் போனபோது, 1986இல் அவருடைய நாடாச் சுருள்கள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்களிடமிருந்து சில ரசிகர்கள் அவற்றைப் பெற்று, சுத்தம் செய்து, நகலெடுத்துப் பரப்பினார்கள். இதுவே 'பெட்டி போர்ட்ஸ்'. கார்னெல் அதில் ஒன்று.

காலத்தைக் கவனியுங்கள். 1987இல் 'டச் ஆஃப் கிரே' அமெரிக்க சிங்கிள் பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்தது. குழுவின் வாழ்நாளில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாட்டு. குழுவைப் பார்க்க விளையாட்டு மைதானங்கள் நிரம்பின. புதிய ரசிகர்கள் சாரி சாரியாக வந்த அதே நேரத்தில்தான் பெட்டியின் நாடாக்கள் தெளிவான ஒலியோடு கைமாறத் தொடங்கின. முதல் கேசட்டாகக் கார்னெலைக் கேட்டவர்களின் ஒரு தலைமுறையே உருவானது என்று கொள்வதில் தவறில்லை. முதல் காதலை அளவுகோலாக வைப்பது மனித சுபாவம். அந்தக் கச்சேரி நடக்கவே இல்லை, சி.ஐ.ஏ. இட்டுக்கட்டியது என்ற கேலிக் கதைகூட உலவும் அளவுக்குப் புகழ் முற்றியது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்து முத்திரை குத்திவிட்டது. 2017இல்தான் அதிகாரபூர்வ ஆல்பமாக வெளிவந்தது, கச்சேரி நடந்து 40 ஆண்டுகள் கழித்து.

நாடா புகழைக் கூட்டியது போலவே பெயரையும் கெடுத்திருக்கிறது. 1972 முதல் 1979 வரை குழுவில் பாடிய டோனா காட்ஷோ அபசுரமாகக் கத்துகிறார் என்பது ரசிகர்களின் நிரந்தரப் புகார். அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் வட்டார ஸ்டுடியோக்களில் தொழில்முறைப் பின்குரல் பாடகியாக இருந்தவர் அவர். எல்விஸ் பிரெஸ்லியின் 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' பதிவில்கூடப் பாடியிருக்கிறார். சுருதி தெரியாதவரா? அத்தனை பெருக்கிகளுக்கு நடுவே தன் குரல் தனக்கே கேட்காமல் பாடிய இரவுகள் அவை. அரங்கத்தின் இரைச்சலில் கரைந்து போயிருக்கக்கூடிய பிசிறு, மைக்கிலிருந்து நேராக நாடாவில் ஏறி நிரந்தரமாகிவிட்டது. 1974இல் சுமார் 75 டன் எடையில் இவர்கள் ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்த 'வால் ஆஃப் சவுண்ட்' ஒலியமைப்பின் கதை இதற்கு மறுதலை. நேரில் கேட்டவர்கள் அப்படியொரு தெளிவை வாழ்நாளில் கேட்டதில்லை என்கிறார்கள். ஒலிபெருக்கிச் சுவர் பாடகர்களுக்குப் பின்னால் நின்றதால் ஊளைச் சத்தத்தைத் தவிர்க்க இரட்டை மைக்குகளை எதிரெதிராக இணைத்திருந்தார்கள். அதனால் குரல்கள் சன்னமாகின. நாடாவில் அந்தச் சன்னம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அந்தச் சுவர் இல்லை.

என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி ஒன்று உண்டு: 8/27/72, ஆரிகன் மாநிலத்தின் வெனீட்டா. நாவலாசிரியர் கென் கீஸியின் சகோதரர் நடத்திய பால் பண்ணையைக் கடனிலிருந்து மீட்க நடந்த நிதிக் கச்சேரி. வெட்டவெளியில் கொளுத்தும் வெயில். கூட்டத்துக்குக் குடிநீர் தட்டுப்பாடு. கிதார் தந்திகள் சூட்டில் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த அவதிக்கு நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு 'டார்க் ஸ்டார்'. சுருதி விலகலை நாடா மறைக்கவில்லை, இருந்தும் ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். நல்ல ஒலி மட்டுமே புகழைத் தருவதில்லை என்பதற்கு வெனீட்டா சாட்சி. அங்கே படமும் பிடித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற அந்தப் படம் 2013இல் முறையாக வெளிவரும்வரை, திருட்டு நகல்களிலேயே பல பத்தாண்டுகள் சுற்றியது.

தரவரிசையை எழுதி வைத்தவர்களும் ரசிகர்களே. 1987இல் தொடங்கிய 'டெட்பேஸ்' தொகுப்புகள் ஒவ்வொரு இரவின் பாட்டுப் பட்டியலையும் ஊர், அரங்கம் வாரியாக அச்சிட்டன. நாடா சேகரித்துக் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டிருந்த டிக் லட்வாலா என்ற ரசிகரையே குழு தன் நாடாக் கிடங்குக்குக் காப்பாளராக்கியது. 1993 முதல் வந்த 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசை 36 தொகுதிகள் வரை போனது. 1989 கோடையில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்துச் சமூகவியல் பேராசிரியை ரெபெக்கா ஆடம்ஸ் மாணவர்களைக் கச்சேரிகளுக்கே அழைத்துச் சென்று இந்த ரசிகர்களை ஆராய்ந்தார். குழுவின் ஆவணங்கள் இன்று சான்டா க்ரூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2005இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து கச்சேரிப் பதிவுகளைத் தரவிறக்க முடியாதபடி குழுவின் தரப்பு தடுத்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களில் ரசிகர்கள் பதிந்தவற்றைத் திறந்துவிட்டு, ஒலிக்கலவை மேசைப் பதிவுகளைக் கேட்க மட்டும் அனுமதித்தார்கள். அந்தப் பிரிவினை இன்னும் தொடர்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவருக்கு என் யோசனை இது. கார்னெலில் தொடங்காதீர்கள். முதலில் 'அமெரிக்கன் ப்யூட்டி'யை முழுவதும் கேட்டுப் பாட்டுகளைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு வெனீட்டாவின் 'டார்க் ஸ்டார்'. மூன்றாவதாக, பெட்டியின் நாடாவையும் அதே இரவில் ரசிகர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து பதிந்த நாடாவையும் எடுத்து, கார்னெலின் 'மார்னிங் ட்யூ'வை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெட்டியின் நாடாவில் கார்சியாவின் விரல் கேட்கும். மற்றதில் கூரையும் கூட்டமும் கேட்கும். எனக்கு இரண்டாவதுதான் கச்சேரி.